வெட்டாமல் ஏற்றிய ஜெபக்கூட்டம்

மலேசியாவில், செமிலிங்கில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தின் தேவசெய்தியை வாராவாரம் பாட்காஸ்டாக ஏற்றுவது நான்தான். போன மாதம் அவசரத்தில் வெட்டாத பதிவையே வெளியிட்டுவிட்டேன். கடைசியில், விண்ணப்ப நேரத்தில், கூட்டத்துக்கு வரும் ஸ்டெல்லா அக்கா, "மார்புல கட்டி இருக்கு, மகனுக்குத் தெரியாது, ஜெபிங்க" என்று அழுததும் அதில் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அந்த மகன் ஒரு வாரமும் தவறாமல் கேட்பவன்.

தெரிந்ததும் அழித்தேன். ஆனால் கேட்பவர்கள் போனில் ஏற்கெனவே இறங்கியது அழியாதாம். அக்காவிடம் சொன்னேன். "அழிச்சிட்டல்ல, விடு லா" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

சனிக்கிழமை மகன் வந்து நின்றான். "சும்மாதாம்மா, லீவு" என்றான். திங்கட்கிழமை எதையும் கேட்காமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

இப்போதெல்லாம் விண்ணப்ப நேரம் வந்ததும் பதிவு செய்யும் போனை அணைத்து அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன்.