அடுப்பு மூட்டாத வீடு

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தபின் வாயால் எதையும் விழுங்க முடியாமல் போயிற்று. வயிற்றில் குழாய் வைத்து, அதற்குள் சத்துமாவைக் கரைத்து ஊற்றச் சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குருநகர்க் கடற்கரையில் பிறந்த மனிதர். மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு முன்னால் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. குழம்பு வாசம் அவரிடம் போகக் கூடாதென்று அடுப்பையே மூட்டாமல் விட்டேன். குசினிக்குள் அடுப்போரம் ஒளிந்து நின்று, கடையில் வாங்கிய பாண் ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

ஒரு பின்னேரம் அதைக் கண்டுவிட்டார். சுவரைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"இஞ்சேரும், செத்த வீட்டிலைதான் அடுப்பு மூட்டாமல் விடுறது. நான் இன்னும் சாகேல்லை."

"உங்களாலை சாப்பிட ஏலாதேயப்பா" என்று அழுதேன்.

"மணம் தெரியும்தானே. நாளைக்குக் கூழ் காய்ச்சும்."

மறுநாள் நண்டும் மீன்தலையும் வாங்கி, பயத்தங்காயும் மரவள்ளிக்கிழங்கும் போட்டு அவித்தேன். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினேன். அவர் அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"அடிப்பிடிக்குது, துழாவும்" என்றார். உண்மைதான்.

"இப்ப நீர் குடியும். நான் பாக்கிறன்."

அவர் முன்னாலேயே அழுதழுது குடித்து முடித்தேன்.

அதன்பின் அவர் இருந்த நாளெல்லாம் சமைத்தேன். அவரை நோகடிக்கக் கூடாதென்று நினைத்து, உயிரோடு இருந்த மனிதரை நான் முன்கூட்டியே வழியனுப்பியிருக்கிறேன். அதை அவரே வாய்திறந்து சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.