மீசையை வாங்கிய வலது கால்

இரண்டு மார்கழிக்கு முன்பு நடந்தது இது. கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதைவிட வாய் கிழியப் பேசுவதில் கெட்டிக்காரன்.

பனிக்காலம் வந்தால் முழங்காலுக்குக் கீழே என் தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும். அரிப்பு தாங்காது. அதற்கு முந்தின வருஷம் விளம்பரம் பார்த்து ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். தை முடியும்போது சரியானது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காத ஏஜென்ட் ஆகிவிட்டேன். அரிப்பு என்று யார் சொன்னாலும் டிக்கெட்டோடு கிரீமின் பெயரையும் கொடுத்துவிடுவேன்.

மறு மார்கழியில் கால் மறுபடி அரிக்கத் தொடங்கியபோது, தினமும் எங்கள் வண்டியில் வரும் டாக்டரம்மா ஒருநாள் கேட்டார். “எந்தக் காலுல போட்டுப் பாத்தீங்க?”

“ரெண்டு காலுலயும்தாங்க.”

“அப்ப கிரீமால சரியாச்சா, பனி போனதால சரியாச்சான்னு எப்படித் தெரியும்? ஒரு காலுக்கு உங்க கிரீம், இன்னொரு காலுக்கு ஆஸ்பத்திரில சும்மா தர்ற வெள்ளைக் களிம்பு. எது எதுன்னு உங்களுக்கே தெரியக் கூடாது. ஆராய்ச்சில அப்படித்தான் பாப்பாங்க.”

வண்டியே கேட்டுக்கொண்டிருந்தது. விடுவேனா? “என் கிரீம் தோத்தா மீசையை எடுத்துடறேங்க” என்றேன். பன்னிரண்டு வருஷ மீசை.

என் மனைவி இரண்டையும் ஒரே மாதிரி டப்பாக்களுக்கு மாற்றி, மூடியில் வலது, இடது என்று எழுதிக் கொடுத்தாள். எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கெடு இரண்டு வாரம்.

பத்தாம் நாளே வலது கால் பளபளத்தது. படிக்கட்டில் நின்று பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினேன். “பாத்துக்கினு இருங்க, இதான் என் கிரீமு.”

“மொதல்ல டிக்கெட்ட குடுய்யா, கால அப்பறம் காட்டலாம்” என்றார் டிரைவர்.

கெடு நாளில் டாக்டரம்மா குனிந்து பார்த்தார். இரண்டு காலும் தேறியிருந்தன. வலது கொஞ்சம் ஜாஸ்தி. மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“வலது டப்பால இன்னாடி வச்ச?”

“ஆஸ்பத்திரி களிம்புங்க. நீங்க பீத்திக்கினு இருந்தீங்களா, அதான் கம்முனு இருந்தேன்.”

வண்டி சிரிப்பில் குலுங்கியது. டாக்டரம்மாவுக்கு மட்டும் இரக்கம் வந்தது. “ஒருத்தர் காலை வச்சு முடிவு சொல்ல முடியாதுங்க. நிறைய பேருக்குப் பாக்கணும். மீசை இருக்கட்டும்.”

“அதெல்லாம் வேணாங்க, எடுக்கச் சொல்லுங்க” என்றது பின் சீட்டு.

மறுநாள் வழுவழு உதட்டோடு விசில் ஊதினேன். கரும்பு வெட்டப் போகும் அக்கா ஒருவர் என்னிடமே விசாரித்தார். “பழைய கண்டக்டரு லீவுங்களா? நல்ல மனுசன். வாய்தான் ஜாஸ்தி.”

மீசை வளர்ந்துவிட்டது. ஆனால் எந்த மருந்தையாவது புகழ வாயைத் திறக்கும்போதெல்லாம் கை தானாக மேலுதட்டுக்குப் போகிறது. எந்தக் காலில் போட்டுப் பார்த்தாய் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.