கறுப்பு சிவப்பு ஜெர்சியும் இரண்டு சம்பந்திகளும்

வளைகுடாவுக்கு வந்து, கராமாவில் ஜெர்சி பிரிண்டிங் கடையில் டிசைனராகவே பாதி ஆயுசு போய்விட்டது. மெஷின் படுத்து ஆர்டர் போனதுண்டு, துணி சுருங்கி ஆர்டர் போனதுண்டு. சம்பந்திச் சண்டையில் ஆர்டர் போகப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

ஒரு காலேஜின் பெண்கள் த்ரோபால் டீம். சனிக்கிழமை ஃபைனல். காலேஜின் அஃபிஷியல் கலர் கறுப்பும் சிவப்பும். கறுப்பு உறுதியாம், சிவப்பு வீரமாம், பிரோஷரிலேயே போட்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் இன்சார்ஜ் ஷீபா மிஸ் மலையாளி. போனில் கறாராகச் சொன்னார்: "சேட்டா, அந்த ரெண்டு கலரும் மாறக்கூடாது, கேட்டோ. வேற என்ன வேணும்னாலும் சேர்த்துக்கோ."

மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்று சாம்பிள் அடித்தேன். அடிக்கும்போதே சிரிப்பு வந்தது. வியாபாரமாயிற்றே, வாயை மூடிக்கொண்டேன்.

சாம்பிள் பார்க்க டீம் கேப்டன் காவியாவும் அவள் அப்பா முருகேசனும் வந்தார்கள். அவர் புஜைராவில் ஆயில் டேங்க் சூப்பர்வைசர், சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஜெர்சியை விரித்ததும் பாம்பை மிதித்த மாதிரி துள்ளினார்.

"என்னண்ணே இது? எலக்சன் வேலைக்கா அடிச்சு வச்சிருக்கீக?"

"காலேஜ் கலர் சார்."

"இதப் போட்ட போட்டோ ஊருக்குப் போச்சுன்னா எங்கப்பா என்னையத் தலைமுழுகிருவாரு. தலைமுறை தலைமுறையா எதிர்க்கட்சி நாங்க. புள்ள விளையாடவே வேணாம்."

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஜெர்சி!" என்றாள் காவியா. கண் நிறைந்துவிட்டது. படிப்பில் கடைசி வருஷம், இனி ஃபைனலே கிடையாது அவளுக்கு.

நான் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "நடுவுல வெள்ளைப் பட்டை ஒண்ணு ஓட விட்டுரவா சார்?" என்றேன். நடுவில் வெள்ளை விழுந்தால் அது அடுத்த கட்சியின் வேட்டிக் கரை என்று நம்மூரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஸ்கிரீனில் பார்த்த முருகேசனுக்கு வாயெல்லாம் பல். "அண்ணே, நீங்கதாண்ணே மனுசன்!" என்று படமெடுத்து, ஷார்ஜாவில் வீட்டிலிருந்த மனைவி செல்விக்கு அனுப்பினார். அனுப்பிய கையோடு போன் வந்தது. சந்தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்கப்பா கண்ணு குளுந்தாப் போதுமா? எங்கப்பா மனுசன் இல்லையா? அவரு பேத்திக்கு இந்தக் கரையவா மாட்டிவிடுவீக? புள்ள போகவே வேணாம்!"

அட ராமா, பெண் எடுத்த வீடு அந்தக் கறுப்பு சிவப்புக் கட்சி! காவியா ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். என் குறும்பெல்லாம் அதோடு வடிந்துவிட்டது. பெற்றவர்கள் கட்சி கட்ட, பிள்ளையின் ஆட்டம் போகிறதே என்று எரிச்சலாகவும் வந்தது.

கடை வாசலில் தேசிய தினத்துக்குக் கட்டிய கொடித் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தேன். கறுப்பு நம்மிடம் இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, வெள்ளையும் வந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான். ஜெர்சியின் ஓரத்தில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பச்சையை இழுத்துவிட்டேன்.

"இப்ப இது எந்தக் கட்சி சார்?"

முருகேசன் உற்றுப் பார்த்தார். "அட, இந்த ஊருக் கொடிக் கலரு!"

"அதேதான். சோறு போடுற நாடு. வேணாம்னா ரெண்டு பேரும் சத்தமாச் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

"யாரு வேணாம்னா?" என்றது ஸ்பீக்கர். "கலாஸ், முடிஞ்சது பேச்சு, அடிங்கண்ணே!" என்றார் முருகேசன். அவர்கள் கல்யாணத்துக்கப்புறம் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

ஷீபா மிஸ்ஸிடம் தேசிய தின ஸ்பெஷல் என்று சொன்னேன். "சூப்பர் ஐடியா!" என்றார்.

காவியா கப்போடு கடைக்கே வந்தாள். ஊரில் இரண்டு தாத்தாக்களும் அவள் போட்டோவை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அப்பாவைப் பெற்றவர் பச்சையை மட்டும் வெட்டிவிட்டார். அம்மாவைப் பெற்றவர் பச்சையை வெட்டியது போதாமல், ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி வெள்ளையையும் அழித்துவிட்டார்.

ஆகவே, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, கலரின் அர்த்தத்தை பிரோஷரில் தேடாதீர்கள். நம்மூர்க்காரர் ஜெர்சிக்கு வந்தால், சைஸ் கேட்பதற்கு முன்னால் மாமனார் எந்தக் கட்சி என்று கேளுங்கள்.