நான் எழுதிய ஒரு பெருக்கல்

பழங்காநத்தத்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் டிரைவர் எழுதுவது என் வேலை. கருவி அனுப்பும் தகவலை வாங்கி லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சேர்க்கும் நிரல்தான் டிரைவர்.

ஒருநாள் காலை அவனியாபுரத்திலிருந்த ஒரு மருத்துவமனையில், எட்டுப் படுக்கைகளின் நாடித்துடிப்பைக் காட்டும் எங்கள் மானிட்டர் அணைந்துவிட்டது. சர்வீஸ் பார்க்கும் பாண்டி அண்ணன் மாற்று மானிட்டர் வைத்துவிட்டு, பழையதைக் கேபிளோடு எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"எட்டு பெட்டும் ஒரே நேரத்துல போயிருச்சும்மா. நர்ஸம்மா ஒவ்வொருத்தர் கையாப் புடிச்சு நாடி பாத்துக்கிட்டிருந்தாங்க. நல்லவேள, யாருக்கும் ஒண்ணும் ஆகல."

எங்கள் மேனேஜர் அந்தக் கேபிளைப் பார்த்தார். முனை ஆடியது.

"போன வாரம் நீதானய்யா மாட்டுன? ரிப்போர்ட்ல உன் பேரத்தான் எழுதணும்."

"இறுக்கித்தேன் சார் மாட்டுனேன்" என்றார் பாண்டி அண்ணன்.

கேபிள் ஆடினால் தகவல் தப்பாக வரும், சரி. கெர்னலே ஏன் விழுந்தது? மானிட்டர் தனக்கு நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக்கை எடுத்துப் பார்த்தேன்.

எத்தனை அளவீடுகள் வரப்போகின்றன என்று கருவி முதலில் ஓர் எண் அனுப்பும். வழக்கமாக எட்டு. அதை ஓர் அளவீட்டுக்கான 64 பைட்டால் பெருக்கி, அந்த அளவு நினைவகத்தை kmalloc மூலம் கேட்பது என் நிரல். அன்று கேபிள் ஆடியதில் வந்த எண் ஆறு கோடியே எழுபத்தோரு லட்சத்துச் சொச்சம். பெருக்கிய விடை 32 பிட்டில் அடங்காமல் மேல்பகுதி உதிர்ந்து, மிஞ்சியது வெறும் 64. ஓர் அளவீட்டுக்கு இடம் வாங்கிவிட்டு, அளவீடுகளை ஒவ்வொன்றாக எழுதும் என் லூப் கோடிக்கணக்கில் எழுதப் போயிருக்கிறது. பக்கத்திலிருந்த கெர்னலின் நினைவகம் அழிந்து, எல்லாம் நின்றுவிட்டது.

அந்த டிரைவரைப் படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் விஷயம் கேபிளோடு முடிந்துவிடும். டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மேனேஜரிடம் போனேன்.

"ரிப்போர்ட்ல என் பேர எழுதுங்க சார். கேபிள் ஆடுனா ரீடிங் தப்பா வரலாம், மெஷினே விழக் கூடாது. தப்பு நான் எழுதுன கோடுலதான்."

"இதே மாதிரி இன்னும் எம்புட்டு எடத்துல பெருக்கி வச்சிருக்கம்மா?" என்று கேட்டார் அவர்.

தேடினேன். பதினோரு இடங்கள். பட்டியல் மட்டும் வரும் இடங்களை, பெருக்கலைத் தானே சரிபார்க்கும் kmalloc_array-க்கு மாற்றினேன். விடை அடங்காவிட்டால் அது நினைவகமே தராது. தலைப்பும் பட்டியலும் சேர்ந்து வரும் இடங்களில், மொத்த அளவை அதேபோலச் சரிபார்த்துக் கணக்கிடும் struct_size போட்டேன். எட்டுக்கு மேல் எண் வந்தால் அந்தத் தகவலையே ஏற்காதபடி செய்தேன்.

பாண்டி அண்ணன் சோதனைக்கு வந்து கேபிளைப் பிடித்து ஆட்டினார். திரை பிழை என்று காட்டியது, பிறகு தானாகவே சரியானது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லம்மா" என்றார். கோபமில்லை.

எண் எட்டைத் தாண்டாது என்று நான் நம்பித்தான் அந்த வரியை எழுதினேன். நீங்கள் டிரைவர் எழுதும்போது, உங்களுக்கும் அப்படியொரு நிச்சயம் வரும். அந்த இடத்தில்தான் வரும் எண்ணைச் சோதிக்கும் வரி போட வேண்டும்.