டம்ளரும் நகவெட்டியும்

சென்ற ஆண்டு சித்திரையில், வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தால் பஸ்கள் எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்த வாரம். அனுமந்தன்பட்டியில் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உத்தமபாளையத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கும் என் மனைவியிடமிருந்து போன்.

"ஊசி கையில குத்திருச்சுங்க. அந்த ஆளுக்கு மஞ்சக்காமாலை பி இருக்காம்."

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கேட்டாலும் சுற்றறிக்கை மாதிரி பதில் வரும். "காயத்தப் பிதுக்காத. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கழுவு. இன்னைக்கே டாக்டரப் பாக்கணும்" என்றேன்.

"அதெல்லாம் கழுவியாச்சு. நீங்க மொதல்ல கெளம்பி வாங்க."

ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது குத்தியிருக்கிறது. மூடி போடாதே என்று ஒட்டிய போஸ்டருக்கு நேர் கீழே. அவளைக் கூட்டிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் அவளிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டார். வேலையில் சேர்ந்தபோது இரண்டு தவணை போட்டாளாம், மூன்றாவது விட்டுப்போயிற்றாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார் மூணும் போட்டிருப்பீங்கள்ல?"

ஊழியர்களை வரிசையில் நிறுத்தி ஊசி போடவைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கியவன் நான். கடைசி வரியில் என் பெயரும் இருந்தது. அதற்கு நேரே நானே 'பின்னர்' என்று எழுதியிருந்தேன். அந்தப் பின்னர் வரவேயில்லை.

இருவர் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். அன்றைக்கு இருவருக்கும் கிருமி இல்லை. அவளுக்குத் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்புக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும், எனக்கு முதல் தவணையும் போட்டார்கள். அவளுக்குத் தொற்றியதா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் உறுதியாகும். அதுவரை பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் எதையும் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆணுறை அவசியம், சேர்ந்து சாப்பிடுவதால் ஒன்றும் வராது என்றார் டாக்டர். ஊர் ஊராகப் போய் நான் மைக்கில் சொன்ன அதே வாசகங்கள்.

மறுநாள் காலை என் கை தானாகப் போய், விருந்தாளிகளுக்காக மேலே வைத்திருந்த டம்ளரை அவள் காபிக்கு எடுத்தது. அவள் பார்த்துவிட்டாள். மத்தியானம் அவளே தன் தட்டைத் தனியாக ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள். நானும் பார்த்துவிட்டு, என் தட்டில் சாப்பிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் காலண்டர் ஆணியில் தொங்கிய நகவெட்டியை எடுத்து நகம் வெட்டினேன். காபி குடித்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"டம்ளர ஒதுக்கி வச்சீக, சரி. நகவெட்டிய எதுக்கு விட்டு வச்சீக? நேத்து அதுலதான நான் வெட்டுனேன்? ஊருக்கெல்லாம் பாடம் நடத்துன ஆளு!"

வருடக்கணக்காக எங்கள் இருவருக்கும் அந்த ஒரே நகவெட்டிதான். நல்லவேளை, விரலில் எங்கும் ரத்தம் வரவில்லை. நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உடைந்தது.

"எனக்கே பயத்துல தூக்கம் வரல. நீங்களும் தள்ளி வச்சா நான் எங்கிட்டுப் போவேன்?"

 அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி மீதிக் காபியைக் குடித்தேன். அவள் சர்க்கரை போடாமல் குடிப்பவள்; காபி கசந்தது. பழைய நகவெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கொன்றாக இரண்டு வாங்கினேன்.

அடுத்தது ஆணுறை. ஒரு காலத்தில் மூட்டையாகக் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்தவன், அதை வாங்கச் சின்னமனூருக்கு பஸ் ஏறினேன். அங்கேயும் கடைக்காரருக்கு என்னைத் தெரிந்திருந்தது. "யாருக்கு சார், கேம்ப்புக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். அவர்தான் வெட்கப்பட்டார்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே போய் அவளுடைய ரிசல்ட்டை வாங்கினோம். தொற்று இல்லை. அன்றைக்கே என் மூன்றாவது தவணையும் முடிந்தது. ஒரு மாதம் கழித்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்ற பரிசோதனையையும் செய்துகொண்டேன். வந்திருந்தது.

விருந்தாளி டம்ளர் மறுபடி மேலே போய்விட்டது. ஆணியில் இரண்டு நகவெட்டிகள் தொங்குகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், எதை ஒதுக்க வேண்டும், யாரை ஒதுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் வீட்டுக்குள் வந்ததும் அதைத் தலைகீழாகச் செய்தது நினைவுக்கு வந்து, இன்றும் கூசுகிறது.