ஸ்கூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

அம்மன் அடியார்களே, ஒரு ஸ்கூட்டரால் என் வீடு நாறிப்போனதையும், அதிலிருந்து அம்மன் எங்களை மீட்டதையும் சொல்கிறேன். நான் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் மட்டும் என் கையெழுத்து செல்லவில்லை.

பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வருடம், ஐப்பசி மழை. என் மகன் குமரனுக்குப் பதினேழு வயது. றொசல்லயிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் படிக்கப் போய்வந்தான். ஹட்டனில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், தன் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். சொந்த அக்காள் மகனே கிடைத்தான்.

"ஹட்டன் கடைக்காரங்க புள்ளைங்கல்லாம் ஓட்டுறாங்க. நம்ம புள்ள மட்டும் பஸ்ஸுல தொங்கணுமாங்க?" என்றாள் மனைவி.

"லைசன்ஸ பத்திக் கவலப்படாதீங்க மச்சான். நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்றார் மைத்துனர்.

அதற்குச் சற்று முன்புதான் பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகனை இதே ஹட்டன் ரோட்டிலிருந்து பலகையில் தூக்கி வந்தார்கள். அவனும் ஸ்கூட்டரில்தான் போனான். அந்தத் தாயின் அலறல் என் காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் குமரன் ஸ்கூட்டர் கேட்டுச் சாப்பிட மறுத்தான். மனைவி என்னோடு பேச மறுத்தாள். நான் உடைந்துபோனேன்.

கடைசியில் அம்மனிடமே பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கண்ணை மூடி மன்றாடினேன். "அம்மா, வேண்டாம் என்கிறது என் மனது. அது என் பிடிவாதமா, உன் சொல்லா, தெரியவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்று. பதிலை ஒளிக்காமல் சொல்."

தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் குழந்தையைப் பூசாரி முன்னால் விட்டார். அது இரண்டு கைகளாலும் இரண்டு பொட்டலங்களையும் வாரி என்னிடம் நீட்டியது.

"ஒண்ணுதான் பாப்பா! ஒண்ணுதான்!" என்று பூசாரி பாய்ந்தார். நான் அதற்குள் ஒன்றைப் பிரித்துவிட்டேன். வெள்ளை. மைத்துனர் கைதட்டினார். மற்றதில் கை வைத்தேன்.

"அதப் பிரிக்கக் கூடாதுங்கய்யா. ஆத்துல விடணும்."

"எடுக்காத பொட்டலம்தான் ஆத்துக்கு. இது குழந்தை எடுத்தது."

பிரித்தேன். அதிலும் வெள்ளை.

பூசாரி தரையைப் பார்த்தார். மைத்துனர் மட்டும் அசரவில்லை. "பாத்தீங்களா மச்சான், அம்மா ரெண்டு தரம் சொல்லிட்டா!"

அலுவலகத்தில் எத்தனையோ திருட்டைப் பார்த்திருக்கிறேன். சாமி காலடியில் வைத்துச் செய்த திருட்டை அன்றுதான் பார்த்தேன். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குமரன் மாமனையே வெறித்துப் பார்த்தான்.

"எனக்கு வேணாம் மாமா."

"என்னடா மாப்புள, ஒனக்காகத்தானே செஞ்சேன்?"

"அம்மன ஏமாத்தி வாங்குன வண்டில போறேன்னு வைங்க. ஹட்டன் ரோட்டு வளைவுல அது சறுக்குனா, நான் யாரக் கூப்புடுறது?"

என் மகன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் வாதாடி வாங்க முடியாத பதிலை, அம்மன் அவன் வாயிலேயே வைத்துவிட்டாள். அங்கேயே விழுந்து கும்பிட்டேன். அழுதேன்.

மைத்துனர் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. அதையும் அவள் அருளாகவே எடுத்துக்கொண்டேன். குமரன் பஸ்ஸில் தொங்கியே படித்து முடித்து, இன்று ஆசிரியராக இருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமை வரை கோயில் கமிட்டியில் உட்கார்ந்து திருவிழா ஒழுங்கு பேசியதுதான் என் பக்தி. இப்போது அவனோடு சேர்ந்து வரிசையில் நின்று கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையாவது கேட்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கலாம். அம்மனிடம் போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு, பதிலை அவளே சொல்ல விடுங்கள்.