எலும்பென்று வந்த கல்

அந்தக் கல் கோணிச் சாக்கில் சுற்றப்பட்டு ஜட்காவில் வந்து இறங்கியது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து சித்திர வீதிவரை என் அகத்துக்காரர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வேஷ்டியெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. 1930களில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருச்சியில் ஒரு காலேஜில் அவர் பாறைகளையும் மண்ணடுக்குகளையும் பற்றிய பூகர்ப்ப சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தார். லீவு விட்டால் போதும், ரயிலேறிப் போய் அரியலூர்ப் பக்கத்து வறண்ட ஓடைகளில் குனிந்த தலை நிமிராமல் அலைவார்.

என் மாமியார் வாசற்படியிலேயே மறித்தார். "என்னடா அது?"

"எலும்பும்மா. மனுஷாளே இல்லாத காலத்துல இருந்த பெரிய பிராணியோட கால் எலும்பு. டைனோசர்னு பேரு."

மாமியார் இரண்டடி பின்வாங்கினார். "எலும்பா? பெருமாள் ஏளியிருக்கற ஆத்துக்குள்ளயா? கொண்டுபோய் மாட்டுக் கொட்டில்ல வை. ஸ்நானம் பண்ணாம உள்ளே வராதே."

எலும்பு கொட்டிலுக்குப் போனது. அன்று மத்தியானம் இலை போடும்போது நான் மெதுவாகக் கேட்டேன்: "கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"எலும்புங்கறதாலதானே தூக்கிண்டு வந்தேன்? அதை எப்படிக் கல்லுன்னு சொல்றது?"

பெருமாளாக வைத்துப் பூஜை பண்ணும் சாளக்கிராமக் கல்லுக்குள் இருக்கும் சக்கரம், ஆதியில் கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் சுருள் ஓடு பதிந்த தடம் என்று அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். அதை எடுத்துச் சொன்னால் அம்மாவால் மறுத்துப் பேச முடியாதே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அம்மா சேவிக்கறது பெருமாளை. என் வாதத்துக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்கப்படாது." பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த மனிதரை எனக்கே பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு தினமும் காலேஜிலிருந்து வந்ததும் கொட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவார். நான் மாட்டுக்குத் தவிடு கரைப்பதுபோல அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தசை பற்றியிருந்த இடத்தில் எலும்பு சொரசொரப்பாக இருக்குமாம். காலெலும்பின் பருமனை வைத்து அது எவ்வளவு பாரம் தாங்கியது என்று மதிப்பிடுவார்களாம். பல் கிடைத்தால், அது தேய்ந்திருக்கும் விதம் தழை தின்றதா மாமிசம் தின்றதா என்று காட்டிக்கொடுத்துவிடும். அதே மண்ணடுக்கில் கிடக்கும் சிப்பிகள் காலத்தைச் சொல்லும், கடல் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதையும் சொல்லும். "கண்ணால பார்த்தவா யாருமில்லை. அதனால நமக்குப் பிடிச்சதைச் சொல்லிடப்படாது, கிடைச்சது என்ன சொல்றதோ அதைத்தான் சொல்லணும்" என்பார். ஆனால் அவருக்கே அது எலும்பாக இருக்கவேண்டும் என்ற ஆசை முற்றிப்போயிருந்தது. காலேஜ் முழுக்கச் சொல்லிவிட்டார். அதைப் பற்றிப் பேசச் சொல்லி ஒரு கூட்டத்துக்கும் ஏற்பாடாயிற்று.

கூட்டத்துக்கு முன் ஒரு சில்லை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். எலும்பென்றால் ரத்தம் ஓடிய நுண்துளைகள் தெரியவேண்டும். தெரிந்ததோ வரிவரியாக வளையங்கள். அது மரம். கல்லாகிப்போன அடிமரம்.

கூட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. எல்லோர் முன்னாலும் நின்று, "நான் சொன்னது தப்பு, இது மரம்" என்று சொல்லி, எப்படித் தெரிந்தது என்பதையும் விளக்கிவிட்டு வந்தார். பின்வரிசையில் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை, கூடத்துத் தூணில் சாய்ந்துவிட்டார்.

"அது எலும்பில்லைம்மா. மரம்தான்."

மாமியார் ஜெயித்த முகத்தோடு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ நேரே கொட்டிலுக்குப் போனார். கல்லின்மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். "ஏண்டியம்மா, அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவருமாகத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தோம்.

"மரத்துக்கு ஏதுடா தீட்டு? இங்கேயே இருக்கட்டும்." மூச்சு வாங்க மகனைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய மரம் இருந்த இடத்துல, அதைத் தின்ன ஒண்ணுமா வராம இருந்திருக்கும்? போய்த் தேடு. முதல்ல எழுந்து சாப்பிடு."

தேடினார். வருஷங்கள் ஆயின. கடைசியில் கிடைத்ததை யாரிடமும் சொல்லாமல் முதலில் அறுத்துப் பார்த்தார். வளையம் இல்லை, துளைகள் இருந்தன. விஷயம் தெரிந்த பெரியவர்களும் பார்த்து, எலும்புதான், ஏதோ பெரிய ஊரும் பிராணியுடையது, அதற்குமேல் இந்தத் துண்டை வைத்துச் சொல்லமுடியாது என்றார்கள். இன்று என் பேத்தியின் புத்தகத்தில் டைனோசர்கள் பச்சையும் மஞ்சளுமாகப் பக்கம் முழுக்க நிற்கின்றன. எனக்குத் தெரிந்த டைனோசர் உள்ளங்கை அளவுள்ள அந்தத் துண்டுதான்.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு மார்கழிக் காலை. மாமியார் தலைக்குக் குளித்து, மடியுடுத்தி அடுப்படியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தார். இவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அம்மா, இது நிஜமாவே எலும்பு. எங்கே வைக்கட்டும்?"

உள்ளே கரண்டியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"கிணத்தடியில வை, வரேன். பார்த்துட்டு நானும் இன்னொரு தரம் ஸ்நானம் பண்ணிக்கறேன்."

குளிரில் தோளைப் போர்த்திக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லின் அருகே குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தொட்டுப் பார்க்கலாமாடா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினார்.